வீட்டுக் காப்பீடு: எவ்வளவு செலவு, எதற்குக் காப்பு?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காப்பீடு பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவிப்புப் பலகையில் போட்டதும், "சார், நீங்க எப்போ ஏஜென்ட் ஆனீங்க?" என்று இரண்டு பேர் லிஃப்டில் கேட்டுவிட்டார்கள். நான் எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுக் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்ததால் பாலிசி காகிதங்களைப் படிக்கும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். கமிட்டி கேட்டுக்கொண்டதால் பேசுகிறேன். கம்பெனிப் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை.

எதற்காக இந்தப் பேச்சு என்பது உங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் ஸ்டில்ட் பார்க்கிங்கில் தண்ணீர் நின்றது. லிஃப்ட் குழி நிரம்பியது, இரண்டு மோட்டார் போயிற்று, மீட்டர் போர்டை மாற்ற வேண்டியிருந்தது. ஃபிளாட்டுக்கு 11,000 ரூபாய் தனி வசூல் செய்தோம். மூன்றாவது மாடிக்காரரும் கொடுத்தார், தரைத்தளத்துக்காரரும் கொடுத்தார். தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், மெத்தை எல்லாம் சொந்தச் செலவு. ஒரு வீட்டிலாவது காப்பீட்டுப் பணம் வந்ததா என்று கேட்டுப் பார்த்தேன். வரவில்லை. பலர், "லோன் போடும்போதே இன்சூரன்ஸ் போட்டாங்களே" என்று நம்பிக்கொண்டு இருந்தார்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லோனோடு வந்த பாலிசி எது?

வீட்டுக் கடன் வாங்கும்போது இரண்டு வகைக் காப்பீடு வரும். ஒன்று, கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் பாக்கிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. பெரும்பாலும் மொத்தப் பிரீமியத்தையும் கடனோடு சேர்த்துவிடுவார்கள். இதற்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, கட்டடத்துக்கான காப்பீடு. இது உண்மையில் வீட்டுக் காப்பீடுதான். ஆனால் வங்கிக்கு வேண்டியது அது அடமானம் பிடித்திருக்கும் கட்டடம் மட்டும். உங்கள் ஃபிரிட்ஜைப் பற்றி வங்கிக்குக் கவலை இல்லை. சில பாலிசிகளில் காப்புத் தொகை கட்டடத்தின் மதிப்புக்குப் போடாமல் கடன் தொகைக்குப் போடப்பட்டிருக்கும். கடன் முடிந்ததும் யாரும் புதுப்பிப்பதும் இல்லை.

ஆகவே இன்று இரவு வீட்டுக்குப் போனதும் ஃபைலை எடுத்துப் பாருங்கள். பாலிசியின் முதல் பக்கத்தில் மூன்று விஷயம் இருக்கும்: எதற்குக் காப்பு, எவ்வளவு தொகைக்கு, எந்தத் தேதி வரை. கடன் பாக்கி இருந்தால், வங்கி சொல்லும் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நீங்கள் வேறு இடத்தில் எடுத்து, அதில் வங்கியின் பெயரைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

நிலையான பாலிசி ஒன்று இருக்கிறது

முன்பெல்லாம் ஒவ்வொரு கம்பெனி பாலிசியும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஒப்பிடவே முடியாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கொண்டுவந்தது. அடிப்படை வாசகம் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றேதான். அதனால் நமக்கு வேலை எளிது. அடிப்படைப் பாலிசிக்கு விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும். கூடுதல் காப்புகளுக்குத்தான் வாசகத்தையும் ஒப்பிட வேண்டும்.

இதில் எதெல்லாம் அடங்கும்? தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு, மரமோ வாகனமோ வந்து இடிப்பது, கலவரம், பயங்கரவாதம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து வழிவது. 2015 வெள்ளமும், 2016இல் வர்தா புயலில் மரங்கள் சாய்ந்ததும் நினைவில் உள்ளவர்களுக்கு இந்தப் பட்டியலின் அருமை தெரியும். இதோடு, இடிபாடுகளை அகற்றும் செலவுக்கும், பொறியாளர் கட்டணத்துக்கும் ஒரு வரம்புக்குள் பணம் உண்டு. வீடு குடியிருக்க முடியாமல் போனால், நீங்கள் வெளியே கொடுக்கும் வாடகைக்கும், வாடகைக்கு விட்டவருக்கு நின்றுபோன வாடகைக்கும் காப்பு உண்டு.

எது அடங்காது? இதுதான் முக்கியம். கவனமாகப் படியுங்கள்.

முதலாவது, சாதாரணத் திருட்டு. மேலே சொன்ன விபத்து ஏதாவது நடந்து, அதன் காரணமாக ஏழு நாளுக்குள் பொருள் திருடு போனால்தான் அடிப்படைப் பாலிசி பணம் தரும். நீங்கள் ஊருக்குப் போனபோது பூட்டை உடைத்துக்கொண்டு வந்தவனுக்கு இந்தப் பாலிசி பொறுப்பு அல்ல. அதற்குக் கொள்ளைக் காப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதிலும், பூட்டு உடைபட்ட அடையாளம் வேண்டுமா, வேலைக்காரர் எடுத்தால் கிடைக்குமா, வீடு எத்தனை நாள் பூட்டிக் கிடக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் அமெரிக்காவில் பிள்ளை வீட்டில் இருந்துவிட்டு வருபவர்களுக்குக் கடைசிக் கேள்வி மிக அவசியம்.

இரண்டாவது, மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து வரும் கசிவு. நம் குடியிருப்பில் பாதிச் சண்டை இதுதான். குழாய் திடீரென்று வெடித்து உங்கள் மரச்சாமான் கெட்டால் அது விபத்து. இரண்டு வருடமாகச் சுவர் ஓதம் காத்து பெயிண்ட் உரிந்தால் அது பராமரிப்பு. அதற்குக் கம்பெனி வராது. மேல் வீட்டுக்காரரோடுதான் பேச வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். வோல்டேஜ் ஏறி இறங்கி டிவி கருகினால் அந்த டிவிக்குப் பணம் கிடையாது. அதிலிருந்து தீ பரவி சோபாவும் திரைச்சீலையும் எரிந்தால் அவற்றுக்கு உண்டு. டிவிக்கும் வேண்டுமென்றால் மின்சாதனப் பழுதுக் காப்பு தனி.

நான்காவது, ரொக்கப் பணம், வாகனம். காருக்கு அதன் பாலிசிதான். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜின் போனால், என்ஜின் காப்பு தனியாக எடுத்திருக்க வேண்டும்.

நகை பற்றி ஒரு வார்த்தை. நகைக்கு மதிப்பைச் சொல்லித் தனிக் காப்பு எடுக்க வேண்டும். "லாக்கரில்தானே இருக்கு" என்பவர்களுக்கு: ரிசர்வ் வங்கி விதிப்படி, 2022 ஜனவரி முதல், தீ, திருட்டு, கட்டடம் இடிதல், வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் லாக்கருக்குச் சேதம் வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு, வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை, அந்தப் பொறுப்பும் இல்லை.

செலவு எப்படிக் கணக்காகிறது?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். "என் ஃபிளாட் 80 லட்சம் போகும், 80 லட்சத்துக்குப் போடுங்க" என்கிறார்கள். அந்த 80 லட்சத்தில் பெரும்பகுதி நிலத்தின் விலை, அதாவது உங்கள் யு.டி.எஸ். பங்கு. நிலம் எரியாது, வெள்ளத்தில் போகாது. காப்பீடு கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுக்குத்தான்.

கணக்கு இப்படி. உங்கள் ஃபிளாட்டின் கார்ப்பெட் பரப்பு 800 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். இன்று கட்ட சதுர அடிக்கு 2,500 ரூபாய் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். 800ஐ 2,500ஆல் பெருக்கினால் 20 லட்சம். இதுதான் கட்டடத்துக்கான காப்புத் தொகை. வீட்டுச் சாமான்களுக்கு, பட்டியல் கொடுக்காமலே, இதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை இந்தப் பாலிசியில் சேரும். நம் கணக்கில் 4 லட்சம். அதற்கு மேல் வேண்டுமானால் விவரம் கொடுத்து உயர்த்திக்கொள்ளலாம்.

மொத்தம் 24 லட்சம். பிரீமியம் விகிதத்தை ஆயிரத்துக்கு இத்தனை என்று சொல்வார்கள். ஒரு பேச்சுக்கு ஆயிரத்துக்கு 30 பைசா என்று வைத்தால், 720 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறக்குறைய 850. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீங்கியது உண்மை. வீட்டுக் காப்பீட்டுக்கு அது நீங்கவில்லை.

30 பைசா என்பது கணக்குக்காக நான் எடுத்த எண். 2007 ஜனவரியிலிருந்து தீக் காப்பீட்டுக்கு ஒரே கட்டண அட்டவணை கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் விகிதத்தைச் சொல்லும். நான் காட்ட நினைத்தது, நாம் ஆயிரக்கணக்கில் பேசுகிறோம், லட்சக்கணக்கில் இல்லை என்பதை. கொள்ளை, நகை, மின்சாதனம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போதுதான் தொகை ஏறும். விற்பனைப் பிரதிநிதி எல்லாவற்றையும் கட்டி ஒரே தொகையாகச் சொல்வார். பிரித்துத் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள்.

80 லட்சத்துக்கே போட்டால் என்ன? பிரீமியம் நான்கு மடங்கு ஆகும். கிளெய்ம் என்று வந்தால் கட்டும் செலவுதான் கிடைக்கும். குறைத்து 10 லட்சத்துக்குப் போட்டால்? பழைய வகைப் பாலிசியில், பாதி மதிப்புக்குப் போட்டவருக்குச் சேதத்திலும் பாதிதான் கொடுப்பார்கள். 3 லட்சம் சேதம் என்றால் ஒன்றரை லட்சம். பாரத் கிருஹ ரக்ஷாவில் அந்த விகிதக் கழிவு கிடையாது, 3 லட்சமும் கிடைக்கும். ஆனால் வீடு முழுதும் போனால் 10 லட்சத்தோடு முடிந்தது.

இதைப் பத்து வருடம் வரை ஒரே தடவையாகவும் எடுக்கலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட பாலிசியில் காப்புத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக உயரும். வருடா வருடம் புதுப்பிக்க மறந்துபோகிற என் வயதுக்காரர்களுக்கு இது நல்லது. வீட்டை விற்கும்போது மட்டும் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். பாலிசி தானாக வாங்கியவர் பெயருக்குப் போகாது.

மூன்று விலைப்புள்ளி, ஆறு கேள்வி

ஒரே காப்புத் தொகை, ஒரே காலம், ஒரே கூடுதல் காப்புகள் என்று எழுதி, மூன்று கம்பெனியில் விலை கேளுங்கள். ஒருவர் 20 லட்சத்துக்கும் இன்னொருவர் 40 லட்சத்துக்கும் விலை சொன்னால் அது ஒப்பீடே இல்லை. பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியவை:

1. கட்டடத்துக்கு எவ்வளவு, சாமானுக்கு எவ்வளவு, தனித்தனியாக?
2. கூடுதல் காப்பு ஒவ்வொன்றுக்கும் பிரீமியம் எவ்வளவு?
3. பொருள் போனால் புதுப் பொருளின் விலையா, தேய்மானம் கழித்தா?
4. ஒவ்வொரு கிளெய்மிலும் நான் கையிலிருந்து ஏற்க வேண்டிய தொகை உண்டா?
5. வீடு பூட்டிக் கிடந்தால் என்ன நிபந்தனை?
6. மாற்று வீட்டு வாடகை எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு வரை?

பதிலை வாயால் வாங்காதீர்கள். மின்னஞ்சலில் வாங்குங்கள், அல்லது பாலிசி வாசகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் கட்டடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். வீட்டுக்காரர் எடுத்த பாலிசி உங்கள் வாஷிங் மெஷினைக் காப்பாற்றாது.

"சார், நான் மூணாவது மாடி"

போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "மூணாவது மாடிக்கு வெள்ளம் எங்கே சார் வரப் போகுது?" நியாயமான கேள்வி. தீ மாடி பார்த்து வருவதில்லை, நிலநடுக்கமும் அப்படித்தான். மொட்டை மாடித் தொட்டி வெடித்தால் முதல் வீடு மூன்றாவது மாடிதான். அதையெல்லாம் விடுங்கள். லிஃப்ட், மோட்டார், மீட்டர் போர்டு, காம்பவுண்டுச் சுவர் எல்லாம் தரையில் இருக்கின்றன. அவை எல்லாருக்கும் சொந்தம். 11,000 ரூபாயை எல்லா மாடியும்தான் கொடுத்தது.

இன்னொன்றும் யோசியுங்கள். கட்டடம் பெரிய அளவில் சேதமானால், உங்கள் ஃபிளாட்டை மட்டும் தனியாகத் திரும்பக் கட்ட முடியாது. அடித்தளமும் தூணும் பொது. பாதிப் பேரிடம் பாலிசி இருந்து, மீதிப் பேரிடம் பணம் இல்லை என்றால், பாலிசி வைத்திருப்பவரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருக்கும் வீடுகள் நம்மிடம் கணிசமாக இருக்கின்றன. அவர்களால் அந்த வயதில் புதுக் கடன் வாங்க முடியாது.

அதனால்தான் சங்கத்தின் பெயரில் மொத்தக் கட்டடத்துக்கும் பொது வசதிகளுக்கும் ஒரே பாலிசி எடுக்கலாம் என்று கமிட்டி முன்வைக்கிறது. இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. லிஃப்ட், ஜெனரேட்டர், மோட்டார், சுற்றுச்சுவர் எல்லாம் பட்டியலில் பெயர் சொல்லி வர வேண்டும். பாலிசி எந்த வகையில் எழுதப்படுகிறது, மதிப்பைக் குறைத்துப் போட்டால் விகிதக் கழிவு உண்டா என்று பார்க்க வேண்டும். லிஃப்டிலோ வளாகத்திலோ வெளியாருக்கு அடிபட்டால் வரும் இழப்பீட்டுக்கான பொறுப்புக் காப்பும், இயந்திரம் தானாகப் பழுதாவதற்கான காப்பும் தனித்தனி. வேண்டுமா என்று நாம் முடிவு செய்ய வேண்டும்.

சங்கம் கட்டடத்துக்கு எடுத்துவிட்டால், நீங்கள் மறுபடி அதே கட்டடத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஒரே சேதத்துக்கு இரண்டு முறை பணம் வராது. அப்போது உங்களுக்கு வேண்டியது சாமான்களுக்கும் நகைக்கும் மட்டும். கடன் உள்ளவர்கள் மட்டும், சங்கத்தின் பாலிசியை ஏற்றுக்கொள்வார்களா என்று தங்கள் வங்கியில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சேதம் நடந்தால்

தண்ணீர் வடிந்ததும் நம் வீட்டுப் பெண்கள் முதலில் செய்வது வீட்டைக் கழுவுவது. கழுவுவதற்கு முன் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய வேண்டும். கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வேயர் பார்க்கும் வரை கெட்டுப்போன ஃபிரிட்ஜைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். திருட்டு என்றால் போலீஸ் புகார், தீ என்றால் தீயணைப்புத் துறை அறிக்கை.

இதற்கெல்லாம் இப்போதே ஒரு வேலை செய்து வைக்கலாம். கைபேசியை எடுத்து, ஒவ்வொரு அறையாக, அலமாரியைத் திறந்து, ஐந்து நிமிட வீடியோ எடுங்கள். பில்களைப் படம் எடுத்து, பாலிசியோடு சேர்த்துப் பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள். பாலிசி கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டியில் இருந்தால் அதுவும் நனைந்துவிடும்.

கம்பெனி மறுத்தாலோ குறைத்துக் கொடுத்தாலோ அதோடு விட்டுவிடாதீர்கள். முதலில் அந்தக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கைப் பார்ப்பார்கள். கம்பெனியின் பதில் வந்து ஓராண்டுக்குள் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி. பிரிவு, பிரீமியம் கைக்கு வந்த பிறகுதான் கம்பெனி பொறுப்பேற்கலாம் என்கிறது. புயல் கரையைக் கடந்த மறுநாள் பணம் கட்டிப் பயனில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். ஆகவே பாலிசி செப்டம்பரில் கையில் இருக்க வேண்டும்.

சங்கப் பாலிசிக்கு மூன்று கம்பெனியிடம் விலைப்புள்ளி கேட்டிருக்கிறோம். வந்ததும் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். ஃபிளாட்டுக்கு எவ்வளவு வரும் என்பதும் அதில் இருக்கும். பொதுக்குழுவில் வந்து வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ கை தூக்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் மின்னஞ்சலில் சம்மதம் அனுப்பினால் போதும். பழைய பாலிசியைப் படித்துப் புரியவில்லை என்றால், ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை சங்க அறையில் இருப்பேன். காகிதத்தைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.